வடக்கில் கோடை முடியும்வரை

மே மாதத்தின் கடைசி வாரம் வந்தால் என் மனைவி என்னோடு கதைப்பது குறைந்துவிடும். சண்டை ஒன்றும் இல்லை. வடக்கு நோர்வேயின் தீவொன்றில், மலைக்கும் கடலுக்கும் நடுவே, அவள் பார்த்துக்கொள்ளும் ராடார் ஒன்று இருக்கிறது. குளிர்காலம் முழுக்க அது மேலே அனுப்புவதற்குப் பெரிதாக மறுமொழி வராது. மே கடைசியில் ஒரு நாள் திடீரென்று வரத் தொடங்கும். அன்றைக்கு மட்டும் அவளே அழைத்து, "வந்திட்டுதப்பா" என்பாள், தூரத்து உறவினர் யாரோ வாசலில் வந்து இறங்கியதைப்போல. அதன் பிறகு ஓகஸ்ட் முடியும்வரை அவள் அந்த விருந்தாளியின் ஆள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிச்சம்.

நான் இருப்பது கொழும்பில், வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மேல்மாடி அறையில். ரயில் போனால் மேசையில் உள்ள டம்ளர் அதிரும். தொழில் ஏசி திருத்துவது. இந்தப் பக்கம் மாடிவீடுகள் முளைக்கும் வேகத்துக்கு வேலைக்குக் குறைவில்லை. பிறந்தது நகரின் மறுபக்கம், கொட்டாஞ்சேனை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன், யாரும் துரத்தவில்லை, பிடித்தும் வைக்கவில்லை. கொச்சிக்கடையில் துறைமுகக் கிடங்கில் மூட்டை இறக்கினேன். புறக்கோட்டையில் லொறிகளுக்கு டயர் மாற்றினேன். கட்டாரில் ஏசிக் குழாய் போடப் பழகினேன். எந்த இடத்திலும் கால் நிலைக்கவில்லை. ஓர் இடம் பழகிப்போனதும், அங்கே கழுவிப் போட்ட சேர்ட் காய்வதற்குள் வேறெங்காவது போகவேண்டும்போல இருக்கும். அப்படிப் போய்ப் போய்க் கடைசியில் உலகம் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், அந்த நோர்வேத் தீவில், ஒரு மீன் தொழிற்சாலையில் போய் நின்றேன். இடையில் ஒரு குளிர்காலம் லொறிச் சாரதி ஒருவர் தந்த சப்பாத்தோடு கழிந்தது. அளவு பெரிது. கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டேன். அது நல்ல சப்பாத்து.

அந்தத் தீவில் பனிப்புயல் அடித்து ராடாரின் அன்ரனாக் கம்பங்கள் பல சாய்ந்துபோயின. வசந்தம் தொடங்கியதும் அவற்றை நிமிர்த்த ஆள் தேவைப்பட்டது. மீன் தொழிற்சாலையிலிருந்து எங்களில் சிலரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மைதானம் முழுக்க, மரக்கறித் தோட்டத்தில் பயற்றங்கொடிக்குக் கம்பு நட்டதைப்போல வரிசை வரிசையாக அன்ரனாக்கள். செம்மஞ்சள் ஜக்கெற் போட்ட ஒரு பெண் நோர்வே மொழியில் எல்லோரையும் ஏவிக்கொண்டிருந்தாள். நான் கம்பியைப் பிடித்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏதோ கத்தினாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் அப்படியே பிடித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தனக்குத்தானே, "கடவுளே, இவனை எங்க பிடிச்சவங்கள்" என்றாள்.

"கொட்டாஞ்சேனையில" என்றேன்.

அவளுடைய கையில் இருந்த குறடு பனியில் விழுந்தது. அவளின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் கரைக்கு மீன் வெட்டப் போனவர்கள். அவள் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அந்த ராடாரில் தொழில்நுட்ப வேலையில் சேர்ந்திருந்தாள். அதுவரை அந்த மைதானத்தில் தமிழில் எதைச் சொன்னாலும் கேட்க ஆளில்லை என்ற துணிவு அவளுக்கு.

வேலை முடிந்த நேரங்களில் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவ்வளவு கம்பங்களும் எதற்கு? விமானம் பார்க்கவா? இல்லை என்றாள். மழை பார்க்கவா? அதுவும் இல்லை. மேகங்களுக்கும் விமானங்களுக்கும் எவ்வளவோ மேலே, எண்பது தொண்ணூறு கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதைப் பார்க்கவாம். வானத்துக் காற்றின் அடுக்குகளை மாறன் மண்டலம், படை மண்டலம், இடை மண்டலம் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது ஞாபகம் வந்தது. அந்த இடை மண்டலத்தின் உச்சி. நான் பாடமாக்கிய காலத்தில் அங்கே ஏதாவது நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"இஞ்ச கோடையெண்டால், மேல அந்த இடத்திலதான் பூமியிலேயே கூடின குளிர்" என்றாள்.

"சூரியன் மறையாத காலத்திலயோ?"

"அந்தக் காலத்திலதான்."

"படிக்காதவன் எண்டு கதை விடாதேங்கோ."

அவள் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் சிரிப்பதில்லை. கீழே மலைகளிலும் புயல்களிலும் இருந்து கிளம்பும் அலைகள் காற்றுக்குள்ளாலேயே மேலே ஏறிப்போகுமாம். கடலலை கரையில் உடைவதைப்போல அவை அந்த உயரத்தில் உடையும். உடைந்து அங்குள்ள காற்றைத் தள்ளும். அந்தத் தள்ளலில் கோடை உள்ள துருவத்திலிருந்து குளிர்காலம் உள்ள துருவத்துக்குக் காற்று நகரத் தொடங்கும். போன காற்றின் இடத்தை நிரப்பக் கீழேயிருந்து காற்று ஏறும். ஏறும் காற்று விரியும். விரிந்தால் குளிரும்.

அது எனக்கு விளங்கியது. புறக்கோட்டையில் லொறி டயரின் காற்றை இறக்கும்போது வால்வு கையில் சில்லென்று இருக்கும். அதைச் சொன்னேன். "அதேதான்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் பிறகும் சில கேள்விகளைக் கேட்டேன்.

அவ்வளவு குளிரில், அங்கே இருக்கும் இல்லையென்று சொல்லக்கூடிய அளவு ஈரமும் உறைந்து ஐஸ் துகளாகும். விண்கற்கள் எரிந்து மிஞ்சிய தூசியில் அந்த ஐஸ் ஒட்டி வளரும். துகள்கள் மின்னேற்றம் பிடித்துக்கொண்டு, குழம்பும் காற்றோடு கலங்கும்போது ராடார் அனுப்பும் அலையில் ஒரு துளி திரும்பி வரும். அதுதான் அவளுக்கு வரும் மறுமொழி. குளிர்காலத்தில் கீழே நாங்கள் விறைத்துக்கொண்டிருக்கும்போது அந்த உயரம் அதைவிடச் சூடாகிவிடும். ஐஸ் நில்லாது. மறுமொழியும் வராது.

நோர்வேயில் இருக்க அனுமதி கேட்டு நான் கொடுத்திருந்த தஞ்ச விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேல்முறையீடும் அப்படியே. பொலிஸ் கொண்டுவந்து ஏற்றுவதற்கு முன் நானே விமானம் ஏறினேன். அந்த வருடம் ராடார்ப் பருவம் முடிந்ததும் அவள் கொழும்புக்கு வந்தாள். பதிவுக் கந்தோரில் எழுத்து நடந்தது, அக்கா சமைத்தாள், அவ்வளவுதான் கல்யாணம். பிறகு என்னை அங்கே கூப்பிட வழி தேடினோம். நாங்கள் போன இடமெல்லாம் என் பழைய கோப்பு எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஆகவே அவள்தான் வருவாள். செப்டெம்பரில் வந்து, விடுமுறை தீர்ந்ததும் போவாள். அறையில் அவளுடைய சீப்பு ஒன்று நிரந்தரமாக இருக்கும். அதை நான் இடம் மாற்றுவதில்லை.

சென்ற ஆண்டு போகும்போது விமான நிலையத்தில் சொன்னாள்: "வாற கோடையோட என்ர ஒப்பந்தம் முடியுது. முடிஞ்சதும் வாறன். இந்த முறை திரும்பிற டிக்கெட் போடமாட்டன்."

"உண்மையாவோ?"

"உண்மையா. ஏசிக்காரன்ர பொஞ்சாதியா வெள்ளவத்தையில இருக்கப்போறன்."

அதனால் இந்த வருடம் அந்தக் கோடை எனக்கு வேறு மாதிரி. அது தொடங்கியபோதே முடிவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினேன்.

அந்த ராடாரின் படம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. இணைப்பை அவள்தான் அனுப்பியிருந்தாள். குறுக்கே நேரம், நெடுக்கே உயரம். நீல நிறப் பின்னணியில் எண்பத்தைந்து கிலோமீற்றர் மட்டில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பட்டை கிடக்கும். சில நாள் தடிப்பாக, சில நாள் இரண்டாகப் பிரிந்து, சில நாள் அலைபோல வளைந்து. வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அதைப் பார்ப்பேன். மற்றவர்கள் கிரிக்கெற் ஓட்டம் பார்க்கும் நேரம் அது. பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறா என்று சிங்களத்தில் அக்கறையோடு விசாரித்தார். ஓரளவுக்கு என்று சொன்னேன்.

அந்தப் படத்தில் அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டை நன்றாக விழுந்திருந்தால் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது, அதன் பக்கத்தில் அவள் தேநீரோடு இருக்கிறாள் என்று நினைப்பேன். இன்னொன்றும் நினைப்பேன். அவளுக்கு மேலே ஏறிக் குளிர்ந்த அந்தக் காற்று தெற்கே போகிறதல்லவா. மற்றத் துருவத்துக்குப் போகவேண்டுமென்றால் எங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். மாலையில் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கல்லில் உட்காரும்போது, எனக்கு மேலே எங்கேயோ அது போய்க்கொண்டிருக்கும் என்று நிமிர்ந்து பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. காகங்கள் தெரியும். அந்த உயரத்துக் காற்று என் சேர்ட்டைக்கூட அசைக்காது. இருந்தாலும் அந்தப் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டு இருப்பதில் ஒரு ஆறுதல்.

ஜூலை நடுவில் ஒரு காலை படத்தில் பட்டை இல்லை. வெறுமையாக இருந்தது. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

ஓகஸ்ட் கடைசிவரை இருக்கவேண்டியது அது. ஆனால் அவள் முன்பு ஒருமுறை சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. தெற்குத் துருவத்தில் அப்போது குளிர்காலம். சில ஆண்டுகளில் அங்கே மேல்காற்று பெரிதாகக் குழம்பிவிட்டால், பூமியின் இந்த முனையில் கோடை வானத்தின் குளிரும் தளர்ந்துவிடுமாம். ஐஸ் நில்லாமல் பருவம் நேரத்தோடேயே மெலிந்து போகுமாம். ஒரு முனையில் நடப்பது மற்ற முனையில் எப்படித் தெரியும் என்று அன்றைக்கு அதிசயப்பட்டேன். இப்போது அதையே உறுதியாகப் பிடித்துக்கொண்டேன். தெற்கில் ஏதோ குழம்பிவிட்டது. வடக்கில் பருவம் முடிந்துவிட்டது. அவள் வரப்போகிறாள்.

அழைத்துக் கேட்டிருக்கலாம். பருவத்தில் வேலை நாட்களில் அழைப்பதில்லை என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. அதோடு, கேட்டால் இல்லையென்று சொல்லிவிடுவாளோ என்றும் இருந்தது. கேட்காமல் நேராகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அக்கா இன்னும் நாங்கள் பிறந்த வரிசை வீட்டில்தான் இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் அக்கா சுக்குத் தண்ணி வைப்பாள், சுவர் அவ்வளவு மெல்லிசு.

"ஜூலையில ஏன்டா வாறாள்? செப்டெம்பர் எண்டெல்லோ சொன்னனி?"

"இந்த முறை மேல குளிர் முந்தியே விட்டிட்டுது அக்கா."

"மேலயெண்டா? மாடியிலயா?"

"எண்பத்தஞ்சு கிலோமீற்றர் மேல."

கீரை அரிந்துகொண்டிருந்த அக்கா அரிவாளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஊர் உலகத்தில ஆம்பிளையள் பொஞ்சாதி வாறாளோ எண்டு ஃபோன் எடுத்துக் கேப்பாங்கள். நீ ஆகாயத்தப் பாத்துச் சொல்லுறாய்."

"கணக்குச் சரியக்கா."

"உனக்கு எப்ப கணக்குச் சரிவந்தது?"

ஆனால் அவளுக்கும் சந்தோஷம். சுவரின் மறுபக்கத்துக்கும் கேட்கும்படி, "என்ர தம்பி பொஞ்சாதி ஒரேயடியா வாறாள், இனிப் போகமாட்டாள்" என்றாள். அன்று மாலைக்குள் வரிசை முழுக்கத் தெரிந்துவிட்டது. கொச்சிக்கடைக் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போய் வந்தாள். மீன்காரரிடம் நண்டுக்குச் சொல்லிவைத்தாள்.

நான் என் அறைக்கு ஒரு ஏசி பூட்டினேன். ஊருக்கெல்லாம் பூட்டுகிறவன், எனக்கென்று ஒன்று வைத்ததில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் கழித்துப் போட்டதை வாங்கி, கம்பிரஸரை மாற்றி, கழுவி, கடல் உப்பு பிடிக்காமல் வர்ணமும் அடித்தேன். சுவரில் துளை போடும்போது கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மா வந்து வாசலில் நின்றார்.

"என்ன தம்பி, உமக்கும் குளிர் கேக்குதோ இப்ப?"

"எனக்கில்லை அன்ரி. குளிர் நாட்டில இருந்து ஆள் வருது."

"குளிர் நாட்டில இருந்து வாறவைக்கு இஞ்ச குளிர் ஏன்?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. துளை பாதி போட்டாகிவிட்டது.

ஞாயிறு மாலை அவள் அழைத்தாள். அங்கே மத்தியானம். நான் முதலில் முந்திக்கொண்டேன்.

"எப்ப வெளிக்கிடுறீர்?"

"எங்க?"

"இஞ்சதான். சீசன் முடிஞ்சிட்டுதெல்லோ."

"ஆர் சொன்னது?"

"படத்தில ஒண்டுமில்லை. நாலஞ்சு நாளா வெறுமை. தெற்கில குழம்பிட்டுதெல்லோ, நீர்தானே சொன்னீர்."

அவள் மெல்லக் கேட்டாள், "வெறுமையெண்டால் என்ன நிறம்?"

"வெள்ளை."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். ராடார் விஷயத்தில் சிரிக்காதவள், ஃபோனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இல்லையப்பா, வெள்ளையெண்டால் ராடார் நிண்டிட்டுது. ட்ரான்ஸ்மிட்டர் பழுது, கழட்டி வச்சுக்கொண்டு நாங்கள் கிடந்து மாயிறம். நீலமெண்டால்தான் மேல ஒண்டுமில்லை. நீலம், பார்த்து ஒண்டுமில்லை. வெள்ளை, பார்க்கவேயில்லை."

பார்த்து ஒன்றுமில்லை என்பதற்கும் பார்க்கவேயில்லை என்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கிறது. அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

"அக்காட்டச் சொல்லயில்லைத்தானே?"

"நண்டுக்குச் சொல்லிட்டா."

இன்னும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அடங்கிய பிறகு அவளுடைய குரல் வேறாக இருந்தது. "உங்களோட ஒரு விஷயம் கதைக்கோணும். ஃபோனில வேண்டாம். வந்து சொல்லுறன்."

"வாறது நிச்சயம்தானே?"

"வாறது நிச்சயம்."

அந்த நண்டை அக்காவின் வரிசை முழுக்கச் சாப்பிட்டது. மச்சாள் வராத விருந்து என்று பேரும் வைத்தார்கள்.

அதன் பிறகு ராடார் திரும்ப ஓடத் தொடங்கியது. பட்டை இருந்தது. நான் நிறத்தைக் கவனித்துப் பார்க்கப் பழகினேன். ஓகஸ்டில் அது மெலியத் தொடங்கியது. அது வருவது ஒரேயடியாக, போவது அப்படியல்ல. ஒரு நாள் இருக்கும், மறுநாள் நூல்போல ஓடும், இல்லாமல் போகும், முடிந்தது என்று நினைக்கும்போது மீண்டும் ஒரு பொட்டு. வந்து சொல்கிறேன் என்று அவள் வைத்துவிட்டுப் போன விஷயத்தை நானும் அப்படித்தான் சுமந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மறந்திருப்பேன், மறுநாள் ஏசிக்கு மேல் ஏணியில் நிற்கும்போது ஞாபகம் வரும். திரும்பும் டிக்கெட் இல்லாமல் வருகிறேன் என்றாள். அதை அவள் அந்த அழைப்பில் திரும்பச் சொல்லவில்லை.

கடைசியில் படம் நீலமாகவே நின்றது. செப்டெம்பரில் அவள் வந்தாள்.

பெட்டி சிறிதாக இருந்தது. அதை நானே தூக்கிக்கொண்டு படியேறினேன். அறைக்குள் வந்ததும் பெருமையோடு ஏசியைப் போட்டேன். அவள் அதன் கீழே நின்று, நன்றாக இருக்கிறது என்று சொல்லி, என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, யன்னலைத் திறந்தாள். "சூட்டுக்குத்தானேயப்பா வந்தனான்" என்றாள். கீழே வீட்டுக்கார அம்மா இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

மறுநாள் காலை, யன்னலோரம் இருந்து பாணும் சம்பலும் சாப்பிடும்போது சொன்னாள். தெற்குத் துருவக் கண்டத்தில் இதே மாதிரி ஒரு ராடார் இருக்கிறது. அதற்கு ஆள் கேட்கிறார்கள். அங்கே கோடை டிசம்பரிலும் ஜனவரியிலும். வடக்கைப்போல அங்கே இந்தப் பருவம் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை. ஒரு வருடம் முந்தும், ஒரு வருடம் பிந்தும். ஏனென்று பார்க்க, பருவம் முழுக்க ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அவளைக் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் போனால், மே வந்ததும் வடக்கிலும் ஒப்பந்தத்தை நீட்டித் தருவார்களாம்.

நான் சம்பலைப் பாணில் பூசிக்கொண்டிருந்தேன்.

"அப்ப ரெண்டு கோடையும் உமக்கு" என்றேன்.

"ஓம்."

"எனக்கு?"

"நடுவில ரெண்டு தரம் வருவன். முந்தி ஒருக்காத்தானே." அப்படிச் சொன்னவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "நீங்கள் வேண்டாமெண்டால் போகயில்லை. இன்னும் ஓமெண்டு சொல்லயில்லை. உங்களிட்டக் கேட்டிட்டுச் சொல்லுறன் எண்டனான்."

என் வாழ்க்கையில் நான் எங்கேயாவது கிளம்பும்போது யாரிடமும் கேட்டதில்லை. கட்டாருக்குப் போனது அக்காவுக்கு நான் விமானம் ஏறிய பிறகுதான் தெரியும். ஒருவர் போகலாமா என்று என்னைக் கேட்பதும் இதுதான் முதல் தடவை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி இறங்கிப் போனேன். வேலைக்குப் போகவில்லை. பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அக்கா யோசிக்கவே இல்லை. "வேண்டாமெண்டு சொல்லடா. மறிக்கோணும் எண்டுதான் பொம்பிளை கேப்பாள். போறவள் கேட்டிட்டா போவாள்?"

"அப்பிடியோ?"

"பின்ன? இவ்வளவு காலம் சுவரப் பாத்துக்கொண்டு படுத்தது போதாதா உனக்கு?"

போதும்தான். அவளுடைய சீப்பை இடம் மாற்றாமல் தூசு தட்டியது போதும். பஸ்ஸில் நீலப் படம் பார்த்தது போதும். திரும்பி வரும் வழி முழுக்க, வேண்டாம் என்ற சொல்லைத் தயார்படுத்திக்கொண்டே வந்தேன். புறக்கோட்டை நெரிசலில் பஸ் நின்றபோது அதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு விதத்தில் அது கோபமில்லாமலும் வந்தது.

அவள் கடற்கரைக் கல்லில் இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"நான் மறிச்சால் இருப்பீரோ?"

"இருப்பன்" என்றாள். தயங்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"இருந்து என்ன செய்வீர்?"

"ஒரு வேலை தேடுவன். சமைக்கப் பழகுவன். உங்கட அக்காவோட சண்டை பிடிப்பன்." கடலைப் பார்த்துக்கொண்டு, "டிசம்பரில மேல பாப்பன்" என்றாள்.

எனக்கு அது தெரியும். எத்தனையோ ஊர்களில் ஒரு வேலையைச் செய்துகொண்டே வேறெங்கோ பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். அப்படி இருப்பவனோடு கூட இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் தெரியும். உடம்பு மட்டும் கிடைத்தது. அவளை அப்படி என் அறையில் வைத்திருக்க எனக்கு மனமில்லை. வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே இருந்தது, இம்மியும் குறையாமல். ஆசை இருக்கும்போதே அதற்கு எதிராக ஒன்றைச் சொல்வது இவ்வளவு சாதாரணமாக நடக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ரயில் ஒன்று போனது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

"போயிட்டு வாரும்."

அவள் என் கையைப் பிடித்தாள். மூக்கை உறிஞ்சினாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "மேயில வடக்க போக முந்தி இஞ்ச வருவன். அது நிச்சயம்" என்றாள். நான் தலையாட்டினேன். நிச்சயம் என்ற சொல்லை அவள் மிச்சம் பிடித்துத்தான் பாவிப்பாள்.

அக்காவிடம் சொன்னபோது இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. என் மனைவியோடு மட்டும் கதைத்தாள். போகிற இடத்தில் சோறு கிடைக்குமா என்று கேட்டு, கருவாட்டுச் சம்பல் செய்து போத்தலில் அடைத்துக் கொடுத்தாள்.

போவதற்கு முன் அவளைப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தெற்கில் போட வேண்டிய உடுப்பெல்லாம் அவர்களே தருவார்களாம், நான் வாங்கும் கையுறை ஒன்றும் தேவையில்லையாம். இருந்தாலும் நான் ஒன்று வாங்கித் தரவேண்டும் என்று நின்றேன். மத்தியான வெயில். மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் வண்டி தள்ளிக்கொண்டு விலகச் சொல்லிக் கத்துகிறார்கள். கம்பளித் தொப்பியும் கையுறையும் தொங்கும் கடை அந்தச் சந்தில் ஒன்றுதான் இருந்தது. கடைக்கார முஸ்லிம் நானா விசிறிக்கொண்டு இருந்தார்.

"நுவரெலியாவுக்கா?" என்றார்.

"இல்லை நானா. தெற்குப் பக்கம்" என்றாள் அவள்.

"தெக்கால மாத்தறைதானே ஈக்கி. அங்க என்ன குளிரு?"

"மாத்தறைக்கும் அங்கால."

"அங்கால கடல்."

"கடலுக்கும் அங்கால."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். விளையாடுகிறோமா என்று யோசித்திருப்பார். பிறகு வியாபாரம் பெரிது என்று முடிவெடுத்து, நீலத்தில் ஒரு சோடி கையுறையும் அதே நிறத்தில் தொப்பியும் எடுத்து வைத்தார். கூடவே பெரிய அளவில் இன்னொரு சோடியும் எடுத்தார்.

"ரெண்டு செட் எடுங்க. ரெண்டு பேரும்தானே போறீங்க, பாத்துக் குறைச்சுத் தாறன்."

"ஒரு ஆள்தான் போறது" என்றேன்.

அவர் பெரிய சோடியை மெல்லத் திரும்ப எடுத்து மடித்து வைத்தார். அவள் தொப்பியைப் போட்டு, கையுறைகளையும் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றாள். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் போனது. "கழட்டும்" என்றேன். கழட்டவில்லை. பஸ் நிலையம்வரை, சந்து முழுக்க ஆட்கள் பார்க்கப் பார்க்க, அந்தக் கையுறையோடு என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.